பழைய டேப் கேட்க உட்காருகிறவர்களுக்கு

நான் இந்த வேலைக்கு வந்தது அமெரிக்க டாக்டர்களின் குரலைப் பிடித்துக்கொண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் தெருவுக்குத் தெரு மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன் பலகை தொங்கிய காலம் அது. யாரோ ஒருவருடைய பித்தப்பையைப் பற்றி யாரோ ஒரு டாக்டர் முணுமுணுப்பதை ராத்திரி முழுக்கக் கேட்டு டைப் அடிப்பேன். பிறகு அந்த வேலை தேய்ந்தது. அதே காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்களும் காப்பகங்களும் தங்களுடைய பழைய பேட்டி டேப்புகளை டிஜிட்டலாக்கி அனுப்பத் தொடங்கினார்கள். அறுபதுகள், எழுபதுகளின் ராக் பாடகர்கள், கிடாரிஸ்டுகள், டிரம்மர்கள். பெரும்பாலும் கிரீன் ரூமில், கச்சேரிக்கு முன்போ பின்போ, பத்துப் பேர் குறுக்கே நடக்க எடுத்த பேட்டிகள். பித்தப்பையைவிட சுவாரசியம். சம்பளம் ஏறக்குறைய அதேதான்.

இந்த வருஷம் நாலு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். நாலு பேரும் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள்: "சார், இதை எப்படிக் கேட்கணும்?" வாயால் சொன்னால் டீக்கடைக்குப் போய் வருவதற்குள் மறந்துவிடும். எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. முதல் தடவை கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள். கீபோர்டைத் தொடாதீர்கள், ஃபுட் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பேச்சை விட்டுவிட்டு அறையைக் கவனியுங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு பேண்ட் வாசிக்கிறதா? பாட்டு புரியாமல் பேஸ் மட்டும் தும் தும் என்று வருகிறதா? அப்படியானால் நம் ஆள் இன்னும் மேடை ஏறவில்லை. அவருடைய பாதிக் காது வெளியே இருக்கிறது. நாற்காலி மடக்கும் சத்தமும் இரும்புப் பெட்டிகள் உருளும் சத்தமும் கேட்டால் கச்சேரி முடிந்து சாமான்களை லாரியில் ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம்.

ஏறுவதற்கு முன்னால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறவர், இறங்கியபின் நிறுத்தவே மாட்டார். திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்கிய சிலருடைய டேப்புகளை நான் முழுசாகக் கேட்டிருக்கிறேன். யாரோ கதவைத் தட்டி "பத்து நிமிஷம்!" என்று கத்துவது அதில் இருக்கும். அச்சில் வந்த கட்டுரையில் அந்தக் கதவு இருக்காது. கதவு தட்டியதையும் டைப் செய்யுங்கள்.

2. டேப்பின் மேல் எழுதியிருக்கும் தேதியை நம்பிவிடாதீர்கள். ஓர் உதாரணம். பத்திரிகையாளர் கீத் ஆல்தம் லண்டன் கம்பர்லாண்ட் ஹோட்டலில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸைப் பேட்டி எடுத்தது 1970 செப்டம்பர் 11 அன்று. பிரிட்டிஷ்காரர் இதை 11/9/70 என்று எழுதுவார். அதையே ஓர் அமெரிக்கர் எடுத்துப் படித்தால் நவம்பர் 9. நவம்பரில் ஹெண்ட்ரிக்ஸ் உயிரோடு இல்லை, செப்டம்பர் 18 அன்றே போய்விட்டார். அவ்வளவு பெரிய பெயர் என்பதால் இதில் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் யாருக்கும் முகம் தெரியாத ஒரு பேஸ் கிடாரிஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாசம் பிசகி, அந்தப் பேட்டி வேறொரு ஆல்பத்தின் கதையில் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த ஐம்பது வருஷம் அங்கேயே இருக்கும்.

இடத்தின் பெயரும் அப்படித்தான். பில் கிரஹாம் நடத்திய ஃபில்மோர் ஈஸ்ட் என்ற அரங்கம் நியூயார்க்கில் 1968 மார்ச்சில் திறந்தது, 1971 ஜூனில் மூடியது. சான்பிரான்சிஸ்கோவில் இருந்த ஃபில்மோர் வெஸ்ட்டும் அடுத்த சில நாளில், ஜூலைத் தொடக்கத்தில் மூடிவிட்டது. ஆகவே "ஃபில்மோர் ஈஸ்ட், 72" என்று ஒரு பெட்டியில் எழுதியிருந்தால் ஊரோ வருஷமோ ஒன்று தப்பு. எது தப்பு என்பதற்குச் சாட்சி பேச்சுக்குள்ளேயே இருக்கும். அடுத்த மாசம் வரப்போகிற ஆல்பம், நேற்று ராத்திரி வாசித்த ஊர், காலையில் பேப்பரில் பார்த்த செய்தி என்று வாய் தவறியாவது ஏதாவது சொல்வார்கள். குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் லேபிளை மட்டும் திருத்தாதீர்கள். அதில் உள்ளதை உள்ளபடி எழுதி, உங்கள் சந்தேகத்தைக் கீழே தனியாக எழுதுங்கள். திருத்திய கை யாருடையது என்று பிற்பாடு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

3. சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். பசியோடு கேட்கிறவனுக்கு எல்லாரும் எரிந்து விழுவதுபோலவே கேட்கும்.

4. இரைச்சலைத் துடைத்துவிட்டுக் கேட்காதீர்கள். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் பின்னணியெல்லாம் போய்க் குரல் மட்டும் பளிச்சென்று நிற்கிறது. வேலைக்கு அது சௌகரியம்தான், நானும் தட்டுவேன். ஆனால் ஒருமுறையாவது அழுக்கோடு கேளுங்கள்.

கிரீன் ரூமில் ஆம்ப்ளிஃபயர், ட்யூப்லைட், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து 'ங்' என்று இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சல் ஊரைக் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும், நம் ஊரில் போலவே, மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அமெரிக்காவில் 60. ஒலியைப் படமாகக் காட்டும் சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தால் அடியில் ஒரு மெல்லிய கோடு ஓடும். லண்டன் என்று எழுதிய ஃபைலில் அந்தக் கோடு கச்சிதமாக 60-ல் நின்றால் சந்தேகப்படலாம். அசல் ஓரிடத்தில் பதிவாகி நகல் வேறு தேசத்தில் எடுத்திருந்தால் இரண்டு கோடும் தெரியும், அதையும் பார்த்திருக்கிறேன். 50-ல் இருக்க வேண்டியது 52-ல் நின்றால் டேப் நூற்றுக்கு நாலு வேகமாக ஓடுகிறது. குரல் பேசுகிறவருடையது மாதிரியும் இருக்கும், அவருடைய தம்பி மாதிரியும் இருக்கும்.

"பின்னால் யாரோ கிடார் ட்யூன் பண்ணுகிறார்களே, அதை வைத்தே வேகத்தைச் சரிசெய்யலாமே சார்" என்று பாட்டு தெரிந்த பிள்ளை ஒருத்தி கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. ஆனால் ஹெண்ட்ரிக்ஸ் உட்படப் பல பேர் கிடாரை அரைக்கட்டை இறக்கித்தான் வாசித்தார்கள். அரைக்கட்டை என்றால் வேகத்தில் சுமார் நூற்றுக்கு ஆறு. சரியாக ஓடும் டேப்பை நாமே வேகமாக ஓடவிட்டுக் கெடுத்துவிடுவோம்.

இன்னொன்று. ரெக்கார்டரில் பேட்டரி தீர்ந்துகொண்டே வந்தால், பதிவாகும் நேரத்தில் நாடா மெதுவாக நகரும். அதை நாம் சரியான வேகத்தில் ஓட்டும்போது குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். முப்பது நிமிஷத்தில் ஒரு முரட்டுப் பாடகர் பள்ளிக்கூடப் பையனாக மாறிப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். கடைசி ஐந்து நிமிஷத்தில் அவர் தன் அப்பாவின் மரணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜைக்காரர் வாங்கிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். வேகத்தைச் சரிசெய்து மறுபடி கேட்டபோது இரண்டு பேரும் பேசவில்லை.

5. தெரியாத பெயரெல்லாம் மனிதர் பெயர் என்று நினைக்காதீர்கள். ஓர் ஆர்கன் கலைஞர், "நேற்று ராத்திரி லெஸ்லி எங்களைக் கைவிட்டுப் போய்விட்டது" என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் சொன்னார். ஆங்கில வினைச்சொல்லில் ஆளா பொருளா என்பது தெரியாது. நம் பையன் ஒருவன் அந்தப் பகுதிக்குத் 'தோழி லெஸ்லியின் மறைவு' என்று தலைப்பே போட்டுவிட்டான். லெஸ்லி என்பது ஆர்கனோடு சேர்க்கும் ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். அதன் மோட்டார் நின்றுபோயிருக்கிறது, அவ்வளவுதான். மார்ஷல் என்றால் ஆம்ப்ளிஃபயர். லெஸ் பால் என்று ஒரு மனிதரும் உண்டு, ஒரு கிடாரும் உண்டு. பி.பி. கிங் லூசில் என்று உருகினால் அவர் கிடாரைச் சொல்கிறார்.

6. கேட்காததைக் கேட்டதாக எழுதாதீர்கள். மூன்று தடவை ஓட்டியும் பிடிபடவில்லை என்றால் நேரத்தைக் குறித்து 'கேட்கவில்லை' என்று போட்டுவிட்டு நகருங்கள். பர்மிங்காம் பேச்சு வேறு, லிவர்பூல் பேச்சு வேறு. இரண்டும் பழக எனக்கே வருஷக்கணக்கானது.

7. அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாப் டிலன் 1965-ல் இங்கிலாந்தில் டூர் போனபோது டி.ஏ. பென்னபேக்கர் கேமராவோடு கூடவே சுற்றி எடுத்த படம் 'டோன்ட் லுக் பேக்'. படம் வெளிவந்தது 1967-ல். வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள், நம் தொழிலுக்கு அது ஒரு பாடப்புத்தகம். அதில் டைம் பத்திரிகையின் நிருபர் ஹொரேஸ் ஜட்சன் பேட்டி எடுக்க வருகிறார். டிலன் அவரைப் பேசவிடாமல் வாட்டி எடுக்கிறார். டிலனுக்கு அப்போது 23 வயசு. இன்னொரு காட்சியில் ஒரு விஞ்ஞான மாணவர் வந்து மாட்டிக்கொள்கிறார்.

ரசிகர்கள் அறுபது வருஷமாக இதைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்களைக் கிண்டல் செய்கிறார்கள். நான் பார்த்தது வேறு. அறையில் டிலனின் நண்பர்கள் இருக்கிறார்கள், கேமரா இருக்கிறது. பதில் யாருக்குப் போகிறது? கேள்வி கேட்டவருக்கா, சுவரோரம் நின்று சிரிக்கிறவர்களுக்கா? அந்தக் கோபமே படத்துக்காக ஏற்பாடு செய்ததாக இருக்கும் என்று ஜட்சன் பின்னாளில் கருதினார். பென்னபேக்கர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி என்று தீர்ப்பு எழுதுவது நம் வேலையில் சேராது. மூன்றாவது ஆள் சிரித்தால் 'வேறொருவர் சிரிக்கிறார்' என்று எழுதுவது சேரும். ஜட்சன் பிற்பாடு மூலக்கூறு உயிரியலின் வரலாற்றைப் பெரிய புத்தகமாக எழுதிப் பெயர் வாங்கினார். அந்த மாணவர் டெர்ரி எல்லிஸ், கிரிசாலிஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரானார். படத்தில் அசடு வழிந்தவர்கள் அசடுகள் இல்லை.

8. கேள்வி கேட்கிறவரையும் முழுசாக எழுதுங்கள். 'ம்', 'அப்படியா', கண்ணாடி டம்ளரை வைக்கும் சத்தம், எல்லாவற்றையும். சில காப்பகங்கள் பதில் மட்டும் போதும் என்பார்கள். காசு கொடுக்கிறவர்கள், கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் தனியாக ஒரு முழுப் பிரதி வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

காரணம் சொல்கிறேன். மேலே சொன்ன அதே கீத் ஆல்தம், 1967 மார்ச் 31 அன்று லண்டன் ஃபின்ஸ்பரி அஸ்டோரியாவில் ஹெண்ட்ரிக்ஸின் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருந்தார். எல்லார் வாயிலும் விழுகிற மாதிரி மேடையில் இன்றைக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு. கிடாருக்குத் தீ வைத்தால் என்ன என்று எடுத்துக்கொடுத்தது ஆல்தம்தான். லைட்டருக்கு ஊற்றும் திரவம் வாங்க ஆள் போயிற்று. அன்று ராத்திரி கிடார் எரிந்தது, ஹெண்ட்ரிக்ஸின் கையும் சுட்டது. அதைச் செய்தியாக எழுத வேண்டிய ஆளே அதைக் கிளப்பிவிட்டவர். இப்படிப்பட்டவருடைய டேப்பில் கேள்விகளை வெட்டிவிட்டால் மிச்சம் இருப்பது என்ன?

9. சாவைக் கேட்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாருமே தடுக்கி விழும் இடம் இது. நியூயார்க் வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகையின் ஹோவர்ட் ஸ்மித் எடுத்த பேட்டிகள் பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்து பிறகு வெளிவந்தன. அவற்றில் ஜானிஸ் ஜாப்ளினோடு பேசியது 1970 செப்டம்பர் 30. அக்டோபர் 4 அன்று ஜாப்ளின் இறந்தார், வயது 27. இது தெரிந்த பிறகு அந்த டேப்பைக் கேட்கிற யாருக்கும் ஒவ்வொரு பெருமூச்சும் விடைபெறுவதுபோலக் கேட்கிறது. அவருக்கு அது ஒரு புதன்கிழமை. நடுவில் ஓர் ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது.

ஹெண்ட்ரிக்ஸின் செப்டம்பர் 11 பேட்டியும் அப்படித்தான். வசதியாக வாழப் போதுமான பணம் சேர்ந்துவிட்டதா என்று ஆல்தம் கேட்கிறார். தான் ஆசைப்படுகிற மாதிரி வாழ அது போதாது என்கிறார் ஹெண்ட்ரிக்ஸ். காலையில் எழுந்து, படுக்கையிலிருந்து அப்படியே உருண்டு நீச்சல் குளத்தில் விழுந்து, நீந்தியே போய்க் காலைச் சாப்பாட்டு மேஜையை அடைய வேண்டுமாம். ஒரு வாரத்தில் போய்விட்ட மனிதர் இவர். இதற்கு எங்கள் பழைய ஆபீசில் ஒருத்தர் 'சோகமாகச் சிரிக்கிறார்' என்று குறிப்பு எழுதினார். நான் பத்துத் தடவை கேட்டேன். சோகம் எங்கே இருக்கிறது? நீச்சல் குளத்துக்கு ஆசைப்பட்டு ஒருத்தர் கலகலவென்று பேசுகிறார். சோகம் எழுதியவரிடம் இருந்தது, அவர் செய்தித்தாள் படித்தவர்.

கேட்க உட்காரும்போது விக்கிப்பீடியாவை மூடிவிடுங்கள். பெயர், இடத்தைச் சரிபார்க்க வேலை முடிந்தபின் திறங்கள்.

10. ஒரு வரியை மட்டும் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு நிமிஷம் சேர்த்தே கொடுங்கள். ஜான் லெனன் தன் வீட்டில், நன்றாகத் தெரிந்த மாரீன் கிளீவிடம் பேசியது 1966 மார்ச் 4 அன்று லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டில் வந்தது. கிறிஸ்தவம் தேய்ந்துவருகிறது, இப்போது பீட்டில்ஸுக்கு ஏசுவைவிடச் செல்வாக்கு என்கிற ரீதியில் நடுவில் ஒரு பேச்சு. லண்டனில் ஒரு சலசலப்பும் இல்லை. ஜூலைக் கடைசியில் அமெரிக்காவில் டேட்புக் என்ற இளவட்டப் பத்திரிகை அதை எடுத்து, அட்டையிலேயே கிறிஸ்தவத்தைப் பற்றிய வரியை உருவிப் போட்டது. தெற்கு மாநிலங்களில் வானொலிகள் பாட்டை நிறுத்தின, ரெக்கார்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஆகஸ்ட் 11 அன்று சிகாகோவில் நிருபர்கள் முன் உட்கார்ந்து லெனன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே வார்த்தைகள்தான். சோபாவில் சாய்ந்துகொண்டு சிநேகிதியிடம் சொன்னது ஒன்று, அட்டையில் கொட்டை எழுத்தில் நின்றது வேறு.

11. பேசியவரே பிற்பாடு கொடுக்கும் விளக்கத்தையும் அப்படியே விழுங்காதீர்கள். வான் ஹேலன் பேண்டின் 1982 டூர் ஒப்பந்தத்தில் கிரீன் ரூமில் எம் அண்ட் எம் மிட்டாய் வைக்க வேண்டும், ஆனால் பழுப்பு நிறத்தில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை உண்டு. நம் ஊர் ஜெம்ஸ் மிட்டாய் மாதிரி இருக்கும் அது. ரொம்ப நாள் இதைக் கொழுப்பு என்றே எழுதினார்கள். பாடகர் டேவிட் லீ ராத் 1997-ல் வந்த தன்வரலாற்றில் வேறு காரணம் சொன்னார். மேடையின் பாரம், மின்சார இணைப்பு என்று ஒப்பந்தம் தொழில்நுட்ப விவரங்களால் தடித்துக் கிடக்குமாம். பழுப்பு மிட்டாய் கண்ணில் பட்டால் அரங்கத்துக்காரர் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை என்று பிடித்துவிடலாமாம். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். பாதி நம்புகிறேன். இருபது முப்பது வயசில் கொஞ்சம் கொழுப்பும் இருந்திருக்காதா?

12. ரசிகராக உட்காராதீர்கள். எனக்கு இன்றுவரை எம்.எஸ்.வி.தான். ராக் பாட்டு ஒன்றைக்கூட நானாகப் போட்டுக் கேட்டதில்லை. இந்தத் தொழிலில் அது எனக்கு நன்மையாகவே முடிந்தது.

13. இனி என் தப்பு ஒன்று. பெரிய பேண்ட், ஆனால் டிரம்மரின் பெயர் சொல்ல மாட்டேன். கச்சேரி முடிந்த பின் எடுத்த பேட்டி. பேண்டை விட்டுப் போன நண்பனைப் பற்றிக் கேள்வி வந்தது. ஒரு மௌனம். பிறகு விட்டு விட்டு மூச்சு, தொண்டையில் ஒரு சத்தம். 'சிரிக்கிறார்' என்று அடைப்புக்குறிக்குள் போட்டேன். மணி விடியற்காலை மூன்று, இன்னும் இருபது நிமிஷ டேப் பாக்கி. அந்தப் பிரதி அப்படியே போய் அச்சிலும் வந்துவிட்டது. சில மாசம் கழித்து அந்தப் பேட்டியை எடுத்தவரிடமிருந்தே கடிதம் வந்தது. வயசானவர், திட்டவில்லை. அன்று டிரம்மர் அழுதார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று இரண்டே வரி.

ஹெட்போனில் சிரிப்பும் அழுகையும் தொடங்குவது ஒரே மாதிரி. வித்தியாசம் அதற்குப் பிறகு வரும் முதல் வார்த்தையில் தெரியும். சிரித்தவர் உடனே பேசுவார். அழுதவர் முதலில் மூக்கை உறிஞ்சுவார், இல்லை தண்ணீரை எடுப்பார். தெரியவில்லை என்றால் 'மூச்சு, 4 நொடி' என்று எழுதுங்கள். பொய்யில்லாமல் இருக்கும்.

14. "இதை எழுதாதே" என்று டேப்பில் சொன்னால் டைப் செய்வதை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். சில சமயம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், டேப் நின்றுவிட்டதாக இருவருமே நினைத்திருப்பார்கள், பேச்சு மட்டும் தொடரும். நாம் முடிவெடுக்கக் கூடாது, காப்பகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பேசியவருக்கு மறுநாள் காலை பயம் வந்துவிடுவது உண்டு. 1973-ல் கேமரன் குரோ என்ற 16 வயசுப் பையன் ரோலிங் ஸ்டோனுக்காக ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோடு டூர் போனான். மனம்விட்டுப் பேசிய கிரெக் ஆல்மன், இவன் யார் எவன் என்று திடீரெனச் சந்தேகம் வந்து டேப்புகளையெல்லாம் பிடுங்கி வைத்துக்கொண்டார், பிறகுதான் திருப்பி அனுப்பினார். குரோ வளர்ந்து டைரக்டராகி 2000-ல் எடுத்த 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' படத்தில் அந்த நாட்களின் சாயல் உண்டு. கிரெக்கின் அண்ணன் டுவேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. டேப்பைப் பிடுங்கியவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

15. மற்றவர்களின் பெயர்கள். மனைவி, காதலி, வாசலில் நின்ற பெண்கள். அவர்கள் யாரும் பேட்டி கொடுக்கவில்லை. பெயர் வந்தால் மஞ்சள் குறி.

16. பேட்டி முடிந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள். நன்றி சொல்லி, கை குலுக்கி, நாற்காலி நகர்ந்த பிறகும் பல டேப்புகள் ஓடிக்கொண்டே இருக்கும். கேசட் என்றால் ஒரு பக்கம் தீரும்வரை.

1970-களின் கடைசியில், வட இங்கிலாந்தில் எங்கோ ஒரு அரங்கத்தில் எடுத்த டேப் ஒன்று வந்தது. பாடகர் போய்விட்டார். நிருபர் பையன் சாமான்களைப் பைக்குள் போடுகிறான். ரெக்கார்டரை நிறுத்த மறந்து அதையும் உள்ளே போட்டிருக்க வேண்டும், சத்தமெல்லாம் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. படிக்கட்டு. கனமான கதவு. மழை. யாரிடமோ கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறான். போய்விட்டதே என்கிறது ஒரு பெண்குரல். கொஞ்ச தூரம் நடக்கிறான், செருப்போ பூட்ஸோ தண்ணீரில் சப் சப் என்கிறது. நடந்துகொண்டே, சற்றுமுன் பாடகரிடம் கேட்க மறந்த கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறான், இரண்டு விதமாக. இரண்டாவது நன்றாக இருந்தது. டைப் செய்தேன். அதன் நடுவிலேயே கேசட் தீர்ந்துவிட்டது.